அடுத்த டீமின் நிரலில் கைவைக்கலாமா?

இணையத்தில் டிக்கெட் பதிவு செய்தவர்கள், பணம் கட்டியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள்: 'கடைசிப் பெயர்' என்றொரு கட்டம், பக்கத்திலேயே சிவப்பு நட்சத்திரம். நம்மில் பலருக்குக் கடைசிப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. இருப்பது ஒரு பெயர், முன்னால் ஓர் இனிஷியல். இனிஷியலைப் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து தேவை' என்று படிவம் மறுக்கும். அப்பா பெயரை முழுதாக எழுதினால் வங்கி அட்டையில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகாது. வேறு வழியில்லாமல் இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரை எழுதி 'முருகேசன் முருகேசன்' ஆகிப்போனவர்களும் உண்டு.

இப்படி ஒரு படிவத்தை வைத்திருக்கும் பன்னாட்டு நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சென்னை அலுவலகத்தில் இருக்கும் டெவலப்பருக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். அவர் பெயரிலேயே அது இருக்கிறது. எந்தக் கோப்பில் எந்த வரியில் '2' என்ற எண்ணை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அந்த வரி அவருடைய டீமுக்குச் சொந்தமில்லை. பெயர்களைச் சரிபார்க்கும் நிரல் ஒரு பொது நூலகமாக, வேறொரு நாட்டில் இருக்கும் வேறொரு டீமின் பொறுப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் பல செயலிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. இவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அந்த டீமுக்கு ஒரு டிக்கெட், அதாவது எழுத்துபூர்வமான கோரிக்கை, போடலாம்.

டிக்கெட் போடுகிறார். அந்த டீமுக்கு இந்தக் காலாண்டுக்கான வேலைப்பட்டியல் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இனிஷியல் பிரச்சினை அவர்கள் யாருக்கும் வந்ததில்லை. 'முன்னுரிமை: குறைவு' என்று குறித்து வைக்கிறார்கள். டிக்கெட் உறங்கப் போகிறது. சென்னை டீமுக்கு இனி மூன்று வழி: காத்திருக்கலாம், மேலாளர் மூலம் அவர்களின் மேலாளருக்கு அழுத்தம் கொடுக்கலாம், அல்லது நூலகத்தை அப்படியே நகலெடுத்துத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, வேண்டியபடி திருத்திக்கொள்ளலாம். பெரும்பாலும் நடப்பது மூன்றாவதுதான். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து மூல நூலகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பார்கள். நகலில் அந்த ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். அது திறந்திருப்பது யாருக்கும் தெரியாது. நகல் இருப்பதே யாருக்கும் தெரியாதே!

வேடிக்கை என்னவென்றால், அதே டெவலப்பர் வீட்டுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தால், உலகின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டும் லினக்ஸ் கருநிரலில் ஒரு திருத்தத்தை எழுதி அனுப்பலாம். யார் அனுமதியும் வேண்டாம். நல்ல திருத்தமாக இருந்தால் ஏற்பார்கள். முகம் தெரியாத அந்நியர்களின் நிரலில் அவருக்கு இருக்கும் உரிமை, மாதச் சம்பளம் தரும் சொந்த நிறுவனத்தின் நிரலில் இல்லை.

இந்த முரணைச் சரிசெய்யும் முயற்சிக்கு இன்னர் சோர்ஸ் என்று பெயர். திறமூல மென்பொருள் உலகம் வேலை செய்யும் விதத்தை நிறுவனத்தின் சுவர்களுக்குள்ளே கொண்டுவருவது. நிரல் வெளியுலகுக்குப் போகாது, உரிமமும் மாறாது. நிறுவனத்துக்குள் இருக்கும் எவரும் எவருடைய நிரலையும் பார்க்கலாம், திருத்தத்தை முன்மொழியலாம், அவ்வளவுதான். பெயரைச் சூட்டியவர் தொழில்நுட்பப் பதிப்பாளர் டிம் ஓ'ரெய்லி. ஆண்டு 2000.

திறமூலம் என்றதும் பலருக்கும் 'இலவசம்' என்பதுதான் நினைவுக்கு வருகிறது. நிறுவனங்களுக்குப் பயன்படுவது அந்த இலவசம் அல்ல, அது பழக்கிவைத்த வேலைமுறை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோதும், 1995இல் அப்பாச்சி வெப்சர்வரைச் சிலர் சேர்ந்து திருத்தத் தொடங்கியபோதும், உடன் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. கூட்டம் போட்டுப் பேச முடியாது, ஏனென்றால் ஒருவருக்குப் பகல் என்றால் மற்றவருக்கு நள்ளிரவு. ஆகவே எல்லாவற்றையும் எழுதித்தான் ஆகவேண்டும்: என்ன செய்யப்போகிறோம், ஏன் இப்படிச் செய்தோம், ஏன் அப்படிச் செய்யவில்லை. அந்நியர் அனுப்பும் நிரலை நம்ப வேண்டுமானால் தானாக ஓடும் சோதனைகள் வேண்டும். புதிதாக வருபவர் யாரையும் கேட்காமல் தொடங்க வேண்டுமானால் தெளிவான குறிப்புகள் வேண்டும். வேறு வழி இல்லாததால் உருவான ஒழுங்கு இது.

இன்னொரு கணக்கையும் இங்கே பார்த்துவிடுவோம். ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய நூலில், தாமதமாகும் திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்றார். காரணம் எளிய எண்கணிதம். 10 பேர் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் பேச வேண்டுமென்றால் 45 இணைப்புகள். 50 பேர் என்றால் 1225. ஆள் ஐந்து மடங்கு கூடினால் பேச்சு இருபத்தேழு மடங்கு கூடுகிறது. அப்படியானால் லினக்ஸ் எப்படி நடக்கிறது? ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது; ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள்; பங்களிப்பவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அங்கே எல்லோரும் எல்லோரோடும் பேசுவதில்லை என்பதுதான் பதில். நிரல் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர். திருத்தம் அவரிடம் போகும், அவர் பார்த்துத் தேர்ந்ததை மேலே அனுப்புவார். கடைசியில் டோர்வால்ட்ஸ். பேச்சு மரத்தின் கிளைகள் வழியே மட்டும் நகர்கிறது.

இந்த முறைக்குக் கருவி தந்ததும் அவர்தான். லினக்ஸ் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவசப் பயன்பாடு 2005இல் நிறுத்தப்பட்டபோது, அதே ஆண்டு ஏப்ரலில் கிட் என்ற மாற்றை எழுதினார். கிட்டில் ஒவ்வொருவர் கையில் இருப்பதும் முழு நகல், பழைய வரலாறு உட்பட. ஆகவே நகலெடுப்பது குற்றமல்ல. அதுதான் வேலை செய்யும் முறையே. நகலில் செய்த திருத்தத்தை மூலத்தோடு திரும்ப இணைப்பதும் எளிது. 2008இல் வந்த கிட்ஹப் இதற்கு ஒரு பொத்தானை வைத்தது. 'என் நகலில் இதைத் திருத்தியிருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று உரிமையாளரிடம் கேட்பது. டெவலப்பர்கள் இதைப் புல் ரிக்வெஸ்ட் என்கிறார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய அந்த ஒற்றை வரித் திருத்தத்தை இப்போது இந்தப் பாதையில் நடக்கவிட்டுப் பார்க்கலாம்.

டெவலப்பர் பெயர் நூலகத்தை நகலெடுக்கிறார். '2' என்றிருந்ததை '0' ஆக்குகிறார். புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார். உரிமையாளர் டீமின் திரையில் அது சிவப்பும் பச்சையுமாக விரிகிறது: கழித்தல் குறியோடு பழைய வரி, கூட்டல் குறியோடு புதிய வரி. அடியில் ஒரு பத்தி விளக்கம்: தமிழ்நாட்டில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கும், அடையாள அட்டையில் எப்படி அச்சாகும், படிவம் எங்கே மறுக்கிறது. டிக்கெட்டில் இருந்ததும் ஏறக்குறைய இதே விஷயம்தான். ஆனால் அப்போது அவர்கள் முன்னால் இருந்தது ஒரு கோரிக்கை. இப்போது இருப்பது முடிந்த வேலை. பார்த்துச் சரியென்று சொன்னால் போதும்.

அவர்கள் உடனே சரியென்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பதில் இப்படி வருகிறது: கடைசிப் பெயர் காலியாக இருந்தால் ரசீது அச்சிடும் பகுதி என்ன செய்யும் என்று பார்த்தீர்களா? அது கடைசிப் பெயரை முதலில் போட்டு, ஒரு காற்புள்ளி வைத்து, பிறகு முதற்பெயரைப் போடும். உங்கள் திருத்தத்தோடு ஓடினால் ரசீது காற்புள்ளியில் தொடங்கும். மோசடியைக் கண்டுபிடிக்கும் சேவை வேறு பெயரின் இரு பகுதிகளையும் சேர்த்து ஒப்பிடுகிறது. காலியான பகுதி வந்தால் சந்தேகப் பட்டியலில் ஏற்றிவிடும். சென்னை டெவலப்பருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் இன்னும் இரண்டு கோப்புகளைத் திருத்துகிறார். சோதனைகள் எழுதுகிறார்: ஒற்றைப் பெயர், ஓரெழுத்து இனிஷியல், இரண்டு குடும்பப் பெயர் வைத்திருக்கும் ஸ்பானியர், குடும்பப் பெயருக்குப் பதில் தந்தை பெயரை வைத்திருக்கும் ஐஸ்லாந்துக்காரர். இனி யாராவது அந்த '0'வை மறுபடி '2' ஆக்கினால் சோதனை தோற்று, திருத்தம் உள்ளே போகாமல் நிற்கும்.

இன்னர் சோர்ஸின் சாரம் எனக்கு இந்தப் பரிமாற்றத்தில்தான் தெரிகிறது. தேவை என்னவென்று வெளியாளுக்குத் தெரியும். விளைவு என்னவென்று உள்ளாளுக்குத் தெரியும். டிக்கெட் முறையில் இந்த இரண்டு அறிவும் சந்திப்பதே இல்லை. நகலெடுத்துத் திருத்தும் முறையில் இரண்டாவது அறிவு தூக்கி எறியப்படுகிறது.

நிறுவனங்கள் இதை முயன்ற கதை கால் நூற்றாண்டுக் கதை. எச்.பி.யின் அனுபவம் 2002இலேயே ஆய்வுக் கட்டுரையாக வந்தது. எஸ்.ஏ.பி., பிலிப்ஸின் மருத்துவக் கருவிப் பிரிவு, 2009இல் போஷ் என்று வரிசை நீளும். எல்லாவற்றையும் சொல்ல இங்கே இடமில்லை. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்த லூசென்ட் நிறுவனத்தின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் எந்த நிரல் இதற்குத் தோதானது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

இணையம் வழியாகத் தொலைபேசி அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் நெறிமுறை எஸ்.ஐ.பி. ஒரு கருவி 'இன்வைட்' என்று அனுப்பும், மறுமுனை மணியடிக்கும், பேசி முடித்ததும் 'பை' என்று ஒன்று போகும். செய்திகள் எல்லாம் மனிதர் படிக்கக்கூடிய எழுத்து வரிகள். இதன் முதல் தரநிலை 1999இல் வந்தது. 2002இல் அதைப் பெரிய அளவில் திருத்தி எழுதினார்கள். இடைப்பட்ட காலத்தில் லூசென்ட்டின் பல தயாரிப்புகளுக்கும் எஸ்.ஐ.பி. தேவைப்பட்டது. ஒவ்வொரு டீமும் தனித்தனியாக எழுதினால், தரநிலை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு டீமும் தனித்தனியாகத் துரத்த வேண்டும். லூசென்ட்டின் பெல் லேப்ஸில் உருவான ஒரு நிரல் நிறுவனம் முழுவதற்கும் திறந்துவிடப்பட்டது. தயாரிப்பு டீம்கள் எடுத்துப் பயன்படுத்தின, பிழைகளைச் சொல்லின, வேகத்தையும் நினைவகச் செலவையும் பற்றிய திருத்தங்களைத் திருப்பித் தந்தன. விஜய் குர்பானியும் உடன் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த அனுபவம் பதிவாகியிருக்கிறது.

ஏன் இது பிடித்துக்கொண்டது? எல்லோருக்கும் தேவைப்பட்டது, யாருக்கும் அது தனிப் பெருமை இல்லை. எஸ்.ஐ.பி. செய்தியைப் பிரித்துப் படிப்பதால் எந்தத் தயாரிப்பும் சந்தையில் ஜெயிக்கப்போவதில்லை, தப்பாகப் படித்தால் தோற்கும். அதோடு, எது சரி என்று தீர்மானிக்க வெளியே ஒரு பொதுத் தரநிலை இருந்தது. ஆகவே இரண்டு டீம்களுக்குள் சண்டை வந்தால் தரநிலையைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பயன்படுத்துவோர் பெருகியதும் ஒருவர் தோளில் எல்லாவற்றையும் ஏற்ற முடியாமல் போனது. ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒவ்வொரு வெளியீட்டுத் தேதி. எல்லோருக்கும் தங்கள் வசதி முதலில் வேண்டும். பொது நிரலுக்கென்று மையக் குழு ஒன்றை அமைத்து, பொறுப்புகளைப் பிரித்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. திறந்து வைத்தால் தானாக வளரும் என்ற எண்ணம் அங்கேயே அடிபட்டுப் போனது.

கூகுளை இந்தப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரிந்தவர்கள் வாதாடுவார்கள். அங்கே பெரும்பாலான நிரலும் ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது. 2015 ஜனவரி நிலவரப்படி அதில் சுமார் 200 கோடி வரிகள், 86 டெராபைட் தரவு. 25,000க்கும் மேற்பட்ட பொறியாளர்கள் அதில் வேலை செய்தார்கள். எவரும் பெரும்பாலான பகுதிகளைப் படிக்கலாம், எங்கேயும் திருத்தம் முன்மொழியலாம். ஒவ்வொரு கோப்புறையிலும் உரிமையாளர்கள் யார் என்று ஒரு பட்டியல் இருக்கும். அவர்களில் ஒருவராவது ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் உள்ளே போகும். பெயரை விடுங்கள், சரக்கு இருக்கிறது: படிக்கும் உரிமை எல்லோருக்கும், முன்மொழியும் உரிமை எல்லோருக்கும், ஏற்கும் பொறுப்பு சிலருக்கு.

இன்னர் சோர்ஸ் ஓர் இயக்கமானது பேபால் வழியாக. அங்கே பணம் செலுத்தும் பகுதிதான் கழுத்து நெரிபட்ட இடம். நிறுவனத்தில் யார் எந்தப் புது வசதி செய்தாலும் அது கடைசியில் அந்தப் பகுதியைத் தொட்டே ஆகவேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காலத்திலிருந்தே திறமூல உலகில் பேர்போன டேனிஸ் கூப்பர் பேபாலில் திறமூலத் துறைத் தலைவராக இருந்தார். 2015இல் இன்னர் சோர்ஸ் காமன்ஸ் என்ற அமைப்பை அவர் தொடங்கினார். பல நிறுவனத்தவர்கள் தங்கள் அனுபவங்களைக் கூடிப் பகிர்ந்துகொள்ளும் இடம் அது. 2020இல் லாப நோக்கற்ற அறக்கட்டளையாகப் பதிவானது. இங்கே பரவிய சொற்களில் முக்கியமானது 'டிரஸ்டட் கமிட்டர்'. வெளியிலிருந்து வரும் திருத்தங்களைப் பார்த்து, வழிகாட்டி, ஏற்கும் அதிகாரம் உள்ள நம்பிக்கைக்குரிய ஆள். பெயரின் பின்பாதி அப்பாச்சி மரபிலிருந்து வந்தது.

நான் பார்த்தவரை, பல நிறுவனங்கள் இன்னர் சோர்ஸை ஒரு போர்ட்டலாகப் புரிந்துகொள்கின்றன. எல்லா ரெப்போவையும், அதாவது நிரல் களஞ்சியங்களையும், எல்லோருக்கும் திறந்துவிட்டு, அழகான முகப்புப் பக்கம் ஒன்று செய்து, ஒரு நாள் போட்டி நடத்திப் பரிசாகச் சட்டை கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். திறந்து வைப்பது வேறு, யாராவது உட்கார்ந்து பார்ப்பது வேறு. இதற்குத் திறமூல உலகமே சாட்சி. ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2012 முதல் 2014 வரை ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் உலகமே பார்க்கும்படி கிடந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த நிரலைப் பராமரிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே இருந்தார்கள். பார்க்கலாம் என்பதால் எவரும் பார்த்துவிடுவதில்லை.

நிறுவனத்துக்குள் பார்க்க வேண்டியவர் டிரஸ்டட் கமிட்டர். அவருடைய நேரத்துக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த அந்தத் திருத்தத்தைப் படித்து, ரசீதையும் மோசடிச் சேவையையும் யோசித்து, மரியாதையாகப் பதில் எழுத அவருக்கு அரை நாள் ஆகியிருக்கும். அந்த அரை நாளில் அவருடைய டீமின் சொந்த இலக்கு எதுவும் நகரவில்லை. அப்ரைசல் நேரத்தில் மேலாளர் கேட்பார்: இந்தக் காலாண்டில் என்ன முடித்தீர்கள்? 'வேறு டீம்களின் முப்பது திருத்தங்களைச் சரிபார்த்தேன்' என்ற பதிலுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இருக்காது. சென்னைப் பக்கத்து மேலாளருக்கும் இதே கேள்விதான், திருப்பிப் போட்டது: என் டீம் ஆள் ஏன் அடுத்த டீமுக்கு வேலை பார்க்கிறார்? இருவரும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். நிறுவனம் அவர்களை அளக்கும் அளவுகோல் அப்படி. அதை மாற்றாமல் போர்ட்டலை மட்டும் திறந்தால், முதல் மாதம் திருத்தங்கள் வந்து குவியும், இரண்டாம் மாதம் பதிலில்லாமல் தேங்கும், மூன்றாம் மாதம் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

உரிமையாளர் டீமுக்கு இன்னொரு பயமும் உண்டு. அடுத்த வீட்டு அடுக்களையில் ஆசையாகச் சமைத்துவிட்டு, பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகும் விருந்தாளி மாதிரி, திருத்தத்தைத் தந்தவர் போய்விடுவார்; ராத்திரி இரண்டு மணிக்கு அது உடைந்தால் எழுந்து உட்கார வேண்டியது இவர்கள்தான். இதற்காகவே இன்னர் சோர்ஸ் காமன்ஸ் வட்டத்தில் '30 நாள் உத்தரவாதம்' என்ற வழக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. திருத்தம் நடைமுறைக்கு வந்து 30 நாள் வரை அதில் பிழை வந்தால், அனுப்பிய டீமே சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகு முழுப் பொறுப்பும் உரிமையாளருக்கு. மின்னஞ்சலில் இரண்டு வரியில் எழுதி ஒப்புக்கொள்ளக்கூடிய ஏற்பாடு. பெரிய ஆட்சிக்குழுக்களும் கொள்கை ஆவணங்களும் செய்யாத வேலையை இது செய்கிறது என்பது என் எண்ணம்.

'முடியாது' என்று சொல்லும் விஷயத்தில் நிறுவனம் திறமூலத்தைவிடச் சங்கடமான இடம். லினக்ஸில் ஒருவரின் திருத்தத்தை மறுத்தால் அவர் கோபப்படுவார், போய்விடுவார், கதை முடிந்தது. அலுவலகத்தில் மறுக்கப்பட்டவர் நாளை உங்கள் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் குழுவில் உட்கார்ந்திருக்கலாம். மேலதிகாரியின் நிரலில் இருக்கும் ஓட்டையை, எல்லோரும் படிக்கும் இடத்தில், வேறு டீமிலிருந்து வந்த புதுப் பையன் சுட்டிக்காட்டுவது எல்லா அலுவலகங்களிலும் செல்லுபடியாகாது. 'சார்' போட்டுப் பேசும் இடங்களில் ரிவ்யூ குறிப்புகள் ஒன்று தேனொழுகும் அல்லது மௌனம் காக்கும். பிறகு காபி குடிக்கும் இடத்தில் நேரில் பேசி முடித்துக்கொள்வார்கள். அப்படிப் பேசியது எழுத்தில் ஏறாவிட்டால் வேறு ஊரில் இருக்கும் மூன்றாவது டீமுக்கு எதுவும் தெரியாது. வருடம் கழித்து வருபவர், இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று விழிப்பார்.

எல்லா நிரலையும் திறக்கவும் கூடாது. ஒரே டீம் எழுதி அதே டீம் பயன்படுத்தும் நிரலைத் திறப்பதில் பலனில்லை. வங்கியின் சில பிரிவுகளுக்கு இடையே தகவல் போகவே கூடாது என்று சட்டம் சொல்லும்; அங்கே சுவர் இருக்கத்தான் வேண்டும். திறக்க முடிவு செய்தவற்றிலும் ஒரு கண்ணி உண்டு. டேட்டாபேஸ் கடவுச்சொல்லை யாரோ எப்போதோ அவசரத்துக்கு நிரலுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். பிறகு நினைவு வந்து அழித்திருப்பார்கள். இன்றைய கோப்பில் தேடினால் இருக்காது. ஆனால் கிட் எதையும் மறப்பதில்லை என்று பார்த்தோமே. நகலெடுப்பவர் கைக்கு முழு வரலாறும் போகிறது, அழித்த கடவுச்சொல்லும் கூடவே போகிறது. அதனால் ரெப்போவைத் திறப்பதற்கு முன் வரலாறு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடி, கிடைத்த கடவுச்சொற்களை எல்லாம் முதலில் மாற்றிவிட வேண்டும்.

நிறுவனத்துக்குள் இருக்கும் சுவர்கள் நிரலின் வடிவத்திலும் தெரியும். கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்தின் தகவல் தொடர்பு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அமையும் என்பது அதன் சாரம். மூன்று டீமிடம் ஒரு கம்பைலரைக் கொடுத்தால் மூன்று கட்டத்தில் ஓடும் கம்பைலர் வரும். பெயர்ப் படிவம் அப்படி இருப்பதற்கும் காரணம் இதுதான்: ஒற்றைப் பெயர்க்காரர்கள் இருக்கும் டீமிலிருந்து அந்த நூலகத்துக்குப் போகும் வழி ஏதும் இருக்கவில்லை. புல் ரிக்வெஸ்ட் அப்படியொரு குறுக்கு வழியைப் போடுகிறது, நிறுவன வரைபடத்தில் இல்லாத ஒன்றை.

வரைபடத்தில் இல்லாத வழி என்பதாலேயே அதில் ஒருவர் குறுக்கே வந்து நிற்கிறார்: வரித்துறை. பன்னாட்டு நிறுவனத்தின் சென்னைக் கிளை என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது பெரும்பாலும் இந்தியச் சட்டப்படி தனி நிறுவனம். தாய் நிறுவனத்துக்கு அது செய்யும் வேலைக்கு, தொடர்பில்லாத இரண்டு நிறுவனங்கள் பேரம் பேசினால் என்ன விலை வருமோ அந்த விலை தரப்பட வேண்டும் என்பது விதி. லாபத்தை வரி குறைந்த நாட்டுக்கு நகர்த்திவிடாமல் தடுப்பதற்காக. எந்த வேலை, யாருக்கு, என்ன விலை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். இப்போது சென்னையில் எழுதிய திருத்தம், ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ உள்ள துணை நிறுவனத்துக்குச் சொந்தமான நூலகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. இது விற்பனையா, சேவையா, அன்பளிப்பா? திருத்தத்தால் லாபம் சென்னைக்கும் உண்டே, அதை எப்படிக் கழிப்பது? ஒற்றைத் திருத்தம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். வருடத்துக்குப் பல்லாயிரம் திருத்தங்கள் எல்லை தாண்டினால் கேட்பார்கள்.

ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டிர்க் ரீலேயும் அவருடைய குழுவினரும் இந்த ஓட்டத்தை அளக்க ஒரு முறையை உருவாக்கியிருக்கிறார்கள். ரீலே முன்பு எஸ்.ஏ.பி.யில் இருந்து இன்னர் சோர்ஸை உள்ளிருந்தே பார்த்தவர். கிட்டின் பதிவுகளை எடுத்து, எழுதியவர் நிறுவனத்தின் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், நிரல் எந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்று பொருத்தினால், எங்கிருந்து எங்கே எவ்வளவு திருத்தம் பாய்கிறது என்று வரைபடம் கிடைக்கும். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது பதிவில் துல்லியமாக இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆனது என்பது மட்டும் இல்லை. '2'ஐ '0' ஆக்கும் ஒற்றை வரிக்குப் பின்னால் மூன்று நாள் உழைப்பு இருக்கலாம். ஆயிரம் வரி நிரல் ஒரு கருவி நொடியில் உமிழ்ந்ததாக இருக்கலாம். வரிக்கணக்கர் கேட்பது மணிக்கணக்கை, கிட் தருவது வரிகளின் எண்ணிக்கையை.